குழு கோல்ஃப்பில் மேட்ச் பிளே: 9 & 7, அரைப்புள்ளி, விட்டுக்கொடுத்த பட் – யாரேனும் விளக்க முடியுமா?

குன்னூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோல்ஃப் ஆடத் தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. இதுவரை ஆடியதெல்லாம் 18 குழிகளிலும் எடுத்த ஸ்ட்ரோக்குகளை, அதாவது அடிகளை, எழுதி, கடைசியில் கூட்டி, அதிலிருந்து ஆட்டத்திறனுக்கேற்ற சலுகை அடிகளான ஹேண்டிகேப்பைக் கழிக்கும் ஸ்ட்ரோக் பிளே மட்டுமே. 2025 செப்டம்பரில் நியூயார்க் அருகே பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் நடந்த, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பையை நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்த்தேன். ஆட்டம் பிடித்தது, கணக்குதான் பிடிபடவில்லை.

திரையில் யாருடைய மொத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கையும் வரவில்லை. ‘2 அப்’, ‘1 அப்’ என்று மட்டும் வந்தது. ஐரோப்பாவின் ஷேன் லௌரி 18-ஆவது குழியில் ஒரு பட்டை (குழிக்கருகே பந்தைத் தரையோடு உருட்டும் அடி) உள்ளே தள்ளிவிட்டுக் கோப்பையையே வென்றவர்போலத் துள்ளினார். ஆனால் அவருடைய ஆட்டம் சமனில்தான் முடிந்தது, வேறு சில ஆட்டங்களும் இன்னும் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தன. அதே அணியின் விக்டர் ஹோவ்லண்ட் ஞாயிற்றுக்கிழமை ஆட வரவே இல்லை. ஆனாலும் இரு அணிகளுக்கும் ஆளுக்கு அரைப்புள்ளி எழுதினார்கள். பல குழிகளில் ஒருவர் பந்தைக் குழிக்குள் போடாமலே கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். 2023-இல் ரோமில் ஒரு ஆட்டம் ‘9 & 7’ என்று முடிந்ததாகப் படித்தேன். அந்த இரண்டு எண்களில் எது எதைக் குறிக்கிறது?

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கிளப்புக்கும் பக்கத்து ஊர்க் கிளப்புக்கும் அடுத்த மாதம் குழு ஆட்டம் வைத்திருக்கிறார்கள். ஓர் அணிக்கு எட்டுப் பேர். காலையில் ஃபோர்சம்ஸ் (இணைக்கு ஒரே பந்து), மதியம் ஃபோர்பால் (ஆளுக்கொரு பந்து). ஆள் போதாமல் என்னையும் சேர்த்துவிட்டார்கள். என் ஹேண்டிகேப் 20, என் கூட்டாளிக்கு 10. எங்களை எதிர்த்து ஆடும் இருவருக்கும் 6, 14. யார் யாருக்கு எத்தனை ஸ்ட்ரோக் கொடுக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பழைய கேடி எழுதியது:

வணக்கம் நண்பரே. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் கோல்ஃப் மைதானத்துக் கேடிதான். பள்ளி நாட்களில் விடுமுறை தோறும் மற்றவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே இந்த ஆட்டத்தைக் கற்றேன்.

ஒரே ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். ஸ்ட்ரோக் பிளேயில் எண்ணப்படுவது ஸ்ட்ரோக். மேட்ச் பிளேயில் எண்ணப்படுவது குழி. பூப்பந்தில் ஒரு கேமை 21–19 என்று தோற்றாலும் 21–4 என்று தோற்றாலும் இழப்பது ஒரு கேம்தான் அல்லவா? அதுபோல ஒரு குழியில் நீங்கள் 5 எடுத்து எதிராளி 4 எடுத்தாலும், நீங்கள் ஏரியில் மூன்று பந்தை இறக்கிவிட்டு 11 எடுத்தாலும் இழப்பு ஒரு குழியே. அடுத்த குழியின் தொடக்க இடமான டீக்குப் போகும்போது அந்த 11 உங்கள் பின்னால் வருவதில்லை. அதனால்தான் தோற்றுப்போன குழியை முடிக்காமலே பந்தை எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். எண்ணே வேண்டாம் என்னும்போது அதை முடித்து என்ன ஆகப்போகிறது?

இருவரும் ஒரே எண்ணிக்கையில் முடித்தால் அந்தக் குழி சமன். யார் கணக்கிலும் ஏறாது. நீங்கள் 5 குழிகளையும் எதிராளி 3 குழிகளையும் வென்றிருந்தால் நீங்கள் ‘2 அப்’. இருவரும் சமமாக வென்றிருந்தால், பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுபோல ‘ஆல் ஸ்கொயர்’.

இப்போது 9 & 7. முதல் எண் முன்னிலை, இரண்டாவது எண் ஆடுவதற்கு மீதமிருந்த குழிகள். மீதமுள்ள குழிகள் எல்லாவற்றையும் தோற்பவர் வென்றாலும் எட்டிப்பிடிக்க முடியாது என்ற நிலை வந்த அந்தக் கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ரோமில் மார்கோ சிமோனே மைதானத்தில் ஹோவ்லண்டும் லுட்விக் ஓபெரியும் சேர்ந்து ஸ்காட்டி ஷெஃப்லர், புரூக்ஸ் கெப்கா இணையை ஃபோர்சம்ஸில் வீழ்த்திய ஆட்டம் அது. 11 குழிகள் ஆடி முடித்தபோது 9 குழி முன்னிலை, மீதம் 7. அத்துடன் கைகுலுக்கிவிட்டார்கள். ரைடர் கோப்பையின் 18 குழி ஆட்டங்களில் இவ்வளவு பெரிய வெற்றி அதற்குமுன் எவருக்கும் வாய்த்ததில்லை. தோற்ற இருவரில் ஒருவர் அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டம் 18-ஆவது குழி வரை போய் ஒரு குழி வித்தியாசத்தில் முடிந்தால் இரண்டாவது எண்ணுக்கு வேலையில்லை. வெறும் ‘1 அப்’ என்று எழுதுவார்கள்.

முன்னிலையும் மீதமுள்ள குழிகளும் ஒரே எண்ணாக இருக்கும் நிலைக்கு ‘டார்மி’ என்று பெயர். முன்னால் நிற்பவர் இனித் தோற்க முடியாது, ஆனால் இன்னும் வென்றுவிடவும் இல்லை. இந்த இடத்தில் நடக்கும் கூத்துகளுக்கு அளவே கிடையாது. 1991 ரைடர் கோப்பையில், கியாவா தீவில் அமெரிக்காவின் மார்க் கால்கவேக்கியா 4 குழிகள் மீதமிருக்க 4 அப் என்று நின்றார். ஒரே ஒரு குழியைச் சமன் செய்திருந்தால் போதும். எதிரே ஆடிய காலின் மாண்ட்கோமரி அந்த நான்கு குழிகளையும் வென்று அரைப்புள்ளியைப் பறித்துக்கொண்டு போனார். ஸ்ட்ரோக் பிளேயில் நான்கு குழிகளில் இப்படிச் சரிந்தாலும் முன்பு சேர்த்த இருப்பு ஓரளவு காப்பாற்றும். மேட்ச் பிளேயில் காப்பாற்றாது. நீங்கள் பார்த்த பெத்பேஜ் ஞாயிறன்றும் மேட் ஃபிட்ஸ்பேட்ரிக் தொடக்கத்திலேயே 5 அப் வரை போய்விட்டு, கடைசியில் பிரைசன் டிஷாம்போவுடன் சமனில்தான் முடித்தார்.

குழுக் கணக்கை நான் தொடவில்லை. அதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அரைப்புள்ளி எழுதியது:

என் பெயரே அதுதான் என்பதால் நானே வந்துவிட்டேன்.

பழைய கேடி ஐயா சொன்ன குழிக்கணக்கு ஓர் ஆட்டத்துக்குள் நடப்பது. குழுப் போட்டி அதன் மேல் கட்டிய இரண்டாவது மாடி. ஆட்டத்தை வென்றால் அணிக்கு 1 புள்ளி, சமன் என்றால் இரு அணிகளுக்கும் அரை அரை. 9 & 7 என்று வென்றாலும் 1 புள்ளிதான்; கடைசிக் குழியில் எதிராளியின் பட் விளிம்பில் நின்றுவிட்டதால் 1 அப் என்று வென்றாலும் 1 புள்ளிதான். உள்ளே குழிகளின் அளவை மறந்ததுபோல, வெளியே வெற்றியின் அளவையும் மறந்துவிடுகிறார்கள்.

ரைடர் கோப்பையில் ஓர் அணிக்கு 12 பேர். வெள்ளி, சனி இரண்டு நாட்களிலும் நாளொன்றுக்கு 4 ஃபோர்சம்ஸ், 4 ஃபோர்பால். ஞாயிறன்று 12 பேரும் களமிறங்கும் 12 சிங்கிள்ஸ் (ஒருவருக்கு ஒருவர்). ஆக 8, 8, 12 என்று 28 புள்ளிகள். முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு வேளையும் எட்டுப் பேர்தான் ஆட முடியும் என்பதால் நால்வர் வெளியே உட்கார வேண்டும். யாரை உட்கார வைப்பது என்பதில்தான் கேப்டனின் தூக்கம் போகிறது. ஞாயிறன்று இரு கேப்டன்களும் எதிரணியின் பட்டியலைப் பார்க்காமலே தங்கள் ஆட்ட வரிசையை எழுதிக் கொடுக்கிறார்கள். வலுவானவர்களை முன்னே அனுப்பி வேகம் பிடிப்பதா, கடைசிக்கு வைத்துக்கொள்வதா என்பது வாழ்நாள் முழுக்கத் தீராத வாதம். கடைசிக்கு வைத்தவர்களின் ஆட்டம் தொடங்கிச் சூடுபிடிப்பதற்குள் கோப்பை கைமாறிவிடும் ஆபத்தும் உண்டு.

28-இல் பாதி 14. கோப்பையை வெல்ல 14½ வேண்டும். ஆனால் 14–14 என்று முடிந்தால் முந்தைய முறை வென்ற அணியே கோப்பையைத் தக்கவைத்துக்கொள்ளும். கூடுதல் குழி, டைபிரேக் எதுவும் கிடையாது. ஆகவே கோப்பையை வைத்திருக்கும் அணிக்கு 14 போதும், மற்ற அணிக்கு 14½ வேண்டும். இந்த அரைப்புள்ளி வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் லௌரியிடம் வாருங்கள்.

ரோமில் வென்ற ஐரோப்பாவிடம் கோப்பை இருந்தது. பெத்பேஜில் சனிக்கிழமை மாலை அவர்களுடைய கணக்கு 11½, அமெரிக்கா 4½. ஞாயிறன்று ஹோவ்லண்ட் கழுத்து வலியால் விலகினார். இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கேப்டனும் தன் அணியிலிருந்து ஒருவர் பெயரை எழுதி, உறையிலிட்டு மூடி, முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். எதிரணியில் ஒருவர் காயத்தால் ஆட முடியாமல் போனால் உறைக்குள் பெயர் உள்ளவரும் உட்கார்ந்துகொள்ள, அந்த ஆட்டம் சமனில் முடிந்ததாகக் கொள்ளப்படும். அமெரிக்கக் கேப்டன் கீகன் பிராட்லியின் உறையில் ஹாரிஸ் இங்கிலிஷ் பெயர் இருந்தது. ஆளுக்கு அரைப்புள்ளி, ஐரோப்பா 12. ஃபிட்ஸ்பேட்ரிக்கின் சமன் ஒரு அரை, ஓபெரியின் வெற்றி ஒன்று, 13½. அன்று ஐரோப்பியர்களில் முழு ஆட்டத்தை வென்றவர் ஓபெரி ஒருவர் மட்டுமே. அடுத்து ரஸல் ஹென்லியுடன் 18-ஆவது குழியில் லௌரி போட்ட பட், தோற்க வேண்டிய ஆட்டத்தைச் சமனாக்கி அரைப்புள்ளி தந்தது, 14. அந்த நொடியில் கோப்பை கைவிட்டுப் போக வாய்ப்பில்லை என்று உறுதியாகிவிட்டது. அவர் துள்ளியதன் காரணம் அதுதான். பிறகு டிரெல் ஹாட்டனின் அரை அதை 14½ ஆக்கி முழு வெற்றியாக்கியது. இறுதிக் கணக்கு 15–13. காயத்துக்காக எழுதும் அந்த அரைப்புள்ளி நியாயமா என்று அன்றிரவே சண்டை தொடங்கிவிட்டது. என் கருத்தில், ஆட வராத அணிக்கும் பங்கு கொடுப்பது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் போட்டி தொடங்கும் முன்னரே இரு அணிகளும் ஒப்புக்கொண்ட விதியை முடிவு தெரிந்தபின் குறைசொல்வது அதைவிட உறுத்துகிறது.

தக்கவைக்கும் விதி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு மேலே சொன்ன கியாவா தீவே சான்று. கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு ஆறடி பட். போட்டிருந்தால் 14–14, கோப்பை ஐரோப்பாவிடமே நிற்கும். நழுவியது, ஹேல் இர்வினுடன் சமன், அமெரிக்கா 14½–13½. ஒரு பந்து அகலத்தில் ஒரு கோப்பை போயிற்று.

எல்லாப் போட்டிகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவும் ஐரோப்பா அல்லாத பிற நாட்டவரும் மோதும் பிரசிடெண்ட்ஸ் கோப்பையில் 2003-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஃபேன்கோர்ட்டில் 17–17 என்று முடிந்ததும் டைகர் உட்ஸையும் எர்னி எல்ஸையும் கூடுதல் குழிகள் ஆட விட்டார்கள். மூன்று குழிகளுக்குப் பிறகும் சமன், இருட்டிவிட்டது, கேப்டன்கள் ஜாக் நிக்லஸும் கேரி பிளேயரும் கோப்பையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தார்கள். நம் அனிர்பன் லாஹிரி 2015-இல் தென்கொரியாவின் இன்ச்சனில் அதே கோப்பையில் ஆடியபோது, கிறிஸ் கிர்க்குக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் குழியில் ஒரு குறுகிய பட் நழுவி 1 குழியில் தோற்றார். அமெரிக்கா வென்றது 15½–14½ என்ற கணக்கில். அந்த அரைப்புள்ளியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

குன்னூர்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. லௌரியின் துள்ளல் இப்போதுதான் விளங்கியது.

ஆனால் என் சொந்தக் கவலை இன்னும் தீரவில்லை. ஃபோர்சம்ஸில் ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும் என்று தெரியும். ஒரு குழியில் கடைசி பட்டை நான் போட்டால் அடுத்த குழியின் டீயில் என் கூட்டாளிதானே அடிக்க வேண்டும்? பந்து எல்லைக்கு வெளியே போனால் மறுபடி அடிப்பவர் யார்? ஹேண்டிகேப் கணக்கையும் யாராவது என் எண்களை வைத்தே போட்டுக் காட்டினால் நன்றாயிருக்கும்.

பழைய கேடி எழுதியது:

நல்லவேளை, ஆடுவதற்கு முன் கேட்டீர்கள். டீ வரிசை கடைசி பட்டைப் பொறுத்தது அல்ல. ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளிலும் மற்றவர் இரட்டைப்படைக் குழிகளிலும் டீயில் அடிக்க வேண்டும். முதல் குழியில் யார் அடிக்கிறார் என்று முடிவு செய்துவிட்டால் 18 வரை அது மாறாது. டீயிலிருந்து பந்து குழிக்குள் போகும்வரைதான் மாறி மாறி. நீங்கள் டீயில் அடித்தது எல்லைக்கு வெளியே போனால் மறுபடி அதே டீயிலிருந்து உங்கள் கூட்டாளி அடிப்பார். ஆனால் அபராத ஸ்ட்ரோக் மட்டும் இந்த முறையை மாற்றாது. நீங்கள் அடித்த பந்து தண்ணீரில் விழுந்து ஓர் அபராதத்துடன் வெளியே போடப்பட்டால், அடுத்து அடிப்பவர் அப்போதும் கூட்டாளியே. முறை தவறி அடித்தால் மேட்ச் பிளேயில் அந்தக் குழி போயிற்று. ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் என்று வரும் பெரும்பாலான தவறுகளுக்கு மேட்ச் பிளேயில் தண்டனை குழியை இழப்பதே.

நான் ஒருமுறை இதில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். கிளப்புகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்தில் 12-ஆவது குழி. குழியைச் சுற்றிய மழித்த புல்தரையான கிரீனுக்கு வெளியே இருந்து கூட்டாளி அடித்த சிப் (சிறு தூக்கு அடி) குழிக்கு அருகில் நின்றது. அவர் பட்டர் மட்டையை எடுத்துவரப் பைக்குப் போனார். நான் அருகில் நின்றிருந்ததால் இரண்டு அடி பட்டைத் தட்டிவிடலாம் என்று நினைத்தேன். தட்டியது சரியான முறைதான், ஏனென்றால் சிப் அடித்தது அவர். ஆனால் அது விளிம்பைச் சுற்றி மூன்று அங்குலம் வெளியே வந்து நின்றது. வெட்கத்தில் யோசிக்காமல் நானே அதை உள்ளே தட்டினேன். எதிரணியின் பெரியவர் ஒருவர் குரலை உயர்த்தாமல், “தம்பி, குழி எங்களுடையது” என்றார். அந்த மூன்று அங்குலத்தை அவர்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள். நான் அரை நொடி பொறுத்திருக்கலாம்.

ஒற்றையா இரட்டையா என்பதைச் சோம்பலாக முடிவு செய்யாதீர்கள். ஸ்கோர்கார்டை வைத்துக்கொண்டு, பார்-3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய) குழிகளில் பெரும்பான்மை எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். இரும்பு மட்டையில் கை உறுதியானவரை அந்தப் பக்கம் போடுங்கள். நீளமான பார்-5 குழிகளில் டீயில் அடிப்பவர் நேராக அடிப்பவராக இருப்பது நல்லது. கூட்டாளி இடறும்போது “மன்னிக்கவும்” என்று அவரும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது. ஃபோர்சம்ஸ் ஆடும் இணைகளில் பலர் ஆட்டத்தால் அல்ல, மன்னிப்புக் கேட்டே களைத்துப்போகிறார்கள்.

ஃபோர்பால் வேறு உலகம். நால்வரும் தங்கள் தங்கள் பந்தை ஆடுகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் இணையில் குறைந்த எண்ணிக்கை எதுவோ அதுதான் அணியின் எண்ணிக்கை. கூட்டாளி 4 போட்டுவிட்டால் உங்கள் 9 யாருக்கும் தேவையில்லை, எடுத்துவிடலாம். ஒருவர் பந்தைப் பத்திரமாகக் கிரீனில் சேர்த்தபின் மற்றவர் துணிந்து அடிப்பதே இதன் உயிர். எந்தக் கூட்டாளி முதலில் பட் போடுவது என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். தொலைவில் இருப்பவர் உங்கள் அணிக்காரர் என்றால் அந்த முறையில் உங்களில் யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

இனிக் கணக்கு. கிளப்பின் நிபந்தனைத் தாள் வேறு சொன்னால் அதுதான் செல்லும். பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது இது. ஃபோர்சம்ஸில் இருவர் ஹேண்டிகேப்பையும் கூட்டிப் பாதி. உங்களுக்கு 30-இல் பாதி 15, அவர்களுக்கு 20-இல் பாதி 10. வித்தியாசம் 5, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளின் கடின வரிசை) 1 முதல் 5 வரை உள்ள குழிகளில் உங்கள் இணைக்கு ஒரு ஸ்ட்ரோக் கழிவு. ஃபோர்பாலில் ஒவ்வொருவருக்கும் 90 விழுக்காடு: உங்களுக்கு 18, கூட்டாளிக்கு 9, எதிரணியின் 6-காரருக்கு 5, 14-காரருக்கு 13. நால்வரில் குறைந்தவர் பூஜ்யமாகிறார். மற்றவர்கள் அவரிடமிருந்து வித்தியாசத்தைப் பெறுகிறார்கள். கூட்டாளிக்கு 4, 14-காரருக்கு 8, உங்களுக்கு 13. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 11 உள்ள குழியை எடுத்துக்கொள்ளுங்கள்: கழிவு பெறுபவர் நால்வரில் நீங்கள் ஒருவரே. நீங்கள் 5 எடுத்தால் அது 4 ஆகிறது. எதிரணியின் 6-காரர் கஷ்டப்பட்டு எடுத்த 4-உடன் சமன். 20 ஹேண்டிகேப்காரர் ஃபோர்பாலில் சுமை அல்ல நண்பரே. எதிரணி அஞ்சுவது உங்களைத்தான்.

விட்டுக்கொடுக்கும் பட்களில் (எதிராளி அடிக்காமலே உள்ளே போட்டதாக ஒப்புக்கொள்வது) என் அறிவுரை ஒன்றே: முதல் சில குழிகளில் தாராளமாகக் கொடுங்கள், கடைசியில் எதையும் கொடுக்காதீர்கள். அதுவரை குறுகிய பட் போட்டுப் பழகாத கை அப்போது நடுங்கும்.

தேயிலைக்காற்று எழுதியது:

பழைய கேடி அவர்களின் மற்ற விளக்கங்களுக்கு வணக்கம். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க எனக்கு மனமில்லை. விதி அதற்கு இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் புதிதாக ஆட வரும் ஒருவருக்கு முதலில் சொல்ல வேண்டியது விட்டுக்கொடுப்பதன் விதியே, அதன் தந்திரம் அல்ல.

எதிராளி அடுத்த ஸ்ட்ரோக்கிலேயே குழிக்குள் போட்டுவிடுவார் என்று நீங்கள் கருதினால், அவர் அடிக்கும் முன் “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லலாம். அப்படியே ஒரு குழி முழுவதையும், ஆட்டம் முழுவதையும்கூட விட்டுக்கொடுக்கலாம். ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது; அவரும் மறுக்க முடியாது. சொல்லாத வரை எதுவும் விட்டுக்கொடுக்கப்பட்டதாகாது. மௌனம் சம்மதம் என்ற பழமொழி இங்கே செல்லாது. பெண்களுக்கான அமெரிக்கா–ஐரோப்பா போட்டியான சோல்ஹைம் கோப்பையில், 2015-இல், ஜெர்மனியின் சாங்க்ட் லியோன்-ரோட் மைதானத்தில், அமெரிக்காவின் அலிசன் லீ 17-ஆவது குழியில் ஒன்றரை அடி தூரத்தில் நின்ற தன் பந்தை, எதிரணி விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்து எடுத்துவிட்டார். நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்றார் ஐரோப்பாவின் சூசன் பெட்டர்சன். குழி ஐரோப்பாவுக்கு, அத்துடன் அந்த ஃபோர்பால் ஆட்டமும் ஐரோப்பாவுக்கு. ஆனால் சினந்தெழுந்த அமெரிக்கர்கள் சிங்கிள்ஸில் 10–6 என்ற பின்னடைவைத் தாண்டி 14½–13½ என்று கோப்பையை வென்றார்கள். பெட்டர்சன் பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விதிப்படி அவர் செய்ததில் தவறு இல்லை என்பதே இதில் வேதனையான செய்தி.

முறை தவறி முந்தி அடிப்பதும் இத்தகையதே. மேட்ச் பிளேயில் குழியிலிருந்து தொலைவில் இருப்பவர் முதலில் அடிக்க வேண்டும். மற்றவர் முந்தினால் அபராதம் கிடையாது, ஆனால் அந்த ஸ்ட்ரோக்கை நீக்கி மறுபடி அடிக்கச் சொல்லும் உரிமை எதிராளிக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டு அதே கோப்பையில், லாக் லோமண்டில் ஐரோப்பாவின் அனிகா சொரென்ஸ்டாம் சிப் செய்த பந்து குழிக்குள்ளேயே விழுந்தது. அவர் முந்தி அடித்துவிட்டதாக எதிரணி சொல்ல, மறுபடி அடித்தார், விழவில்லை. பந்து விழாமல் இருந்திருந்தால் யாரேனும் கேட்டிருப்பார்களா?

இவற்றுக்கு எதிர்முனையில் 1969 ரைடர் கோப்பை இருக்கிறது. ராயல் பர்க்டேலில் கடைசி ஆட்டம், கடைசிக் குழி, மொத்தக் கணக்கும் சமன். ஜாக் நிக்லஸ் தன் பட்டைப் போட்டுவிட்டு, பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு மிஞ்சியிருந்த குறுகிய பட்டை விட்டுக்கொடுத்து, அவருடைய பந்தின் இடத்தைக் குறித்த மார்க்கரைக் கையில் எடுத்துக் கொடுத்தார். முடிவு 16–16; ரைடர் கோப்பை வரலாற்றில் முதல் சமன். கோப்பை எப்படியும் அமெரிக்காவிடமே நிற்கும் என்பதால் அது எளிது என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்கக் கேப்டன் சாம் ஸ்னீடுக்கு அது எளிதாகப் படவில்லை. வெல்லத்தானே வந்தோம் என்று முகம் சுளித்தார்.

பழைய கேடி எழுதியது:

தேயிலைக்காற்று, நீங்கள் சொல்வது மனத்துக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நான் பை தூக்கிய காலத்தில் பார்த்தவரை, 18-ஆவது கிரீனில் மூன்று அடி பட்டைப் போடச் சொல்வதை எவரும் அவமதிப்பாகக் கொண்டதில்லை. நான்காவது குழியில் ஓர் அடியைப் போடச் சொன்னால்தான் முகம் சிவக்கும். ஸ்னீடின் கட்சியில் எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

குன்னூர்வாசி எழுதியது:

ஆடி முடித்துவிட்டோம், அதனால் இந்த இழைக்குத் திரும்பி வந்தேன். காலை ஃபோர்சம்ஸில் 3 & 2 என்று தோற்றோம். ஐந்து கழிவுக் குழிகளில் இரண்டை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. மதியம் ஃபோர்பாலில் 17-ஆவது குழியில் 1 அப். 18-இல் கூட்டாளி பதுங்குகுழி மணலில் மாட்டிக்கொள்ள, என் 6 கழிவுடன் 5 ஆகி, 6-காரரின் 5-உடன் சமன். ஆட்டம் எங்களுடையது. எங்கள் அணியின் மொத்தக் கணக்கு 4–4. கோப்பை சென்ற ஆண்டு வென்றவர்களிடமே போயிற்று. அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். காலையில் ஓர் அரைப்புள்ளியாவது எடுத்திருக்கலாமே என்று திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எங்கள் அணியின் இன்னோர் இணையில் ஒருவருடைய வண்டி மலைப்பாதையில் நின்றுவிட்டதால், மதிய ஆட்டத்துக்கு அவர் நான்கு குழிகள் கழித்துத்தான் வந்தார். அதுவரை மற்றவர் தனியாகவே ஆடினார். எதிரணி ஒன்றும் சொல்லவில்லை. அது விதிப்படி சரிதானா?

அரைப்புள்ளி எழுதியது:

சரிதான். ஃபோர்பாலில் இணையில் ஒருவர் மட்டும் அணிக்காக ஆட விதி இடம் தருகிறது. தாமதமாக வருபவர் இரண்டு குழிகளுக்கு இடையில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் நால்வரில் யாராவது அந்தக் குழியைத் தொடங்கிவிட்டால் அடுத்த குழிவரை காத்திருக்க வேண்டும். வந்தவர் ஐந்தாவது டீயில் யாரும் அடிப்பதற்கு முன் வந்தாரா, பின்பா?

குன்னூர்வாசி எழுதியது:

முன்புதான். மூச்சு வாங்க ஓடிவந்து, முதல் பந்தையே தேயிலைத் தோட்டத்துக்குள் அடித்தார்.